வைப்பாறு: மணலில் வைத்த நீர்
(பத்தாம் ஆண்டு விழாவில் செட்டியார்பட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் வட்டார ஆறு' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஆறே ஓடாத ஊரில் ஆற்றைப் பற்றி ஒரு மணி நேரம் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குறும்பு இருந்தது, உண்மையும் இருந்தது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

உரைக்கு ஆயத்தம் செய்வதற்காக, நம் மாதாந்திரக் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கவிதைகளின் கையெழுத்துப் படிகளை ஒருமுறை புரட்டினேன். ஆறு வராத கூட்டமே இல்லை. காவிரி வருகிறாள், பொருநை வருகிறாள், வைகை கள்ளழகரோடு வருகிறது, கங்கைகூட இரண்டு மூன்று முறை வந்திருக்கிறது. வைப்பாறு என்னும் பெயர் ஒரு கவிதையிலும் இல்லை. குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. என்னுடைய கவிதை ஒன்றும் அந்தப் படிகளுக்கிடையே இருந்தது. அதில் அந்திப் பொழுதில் பரிசல் ஒன்று கரை ஒதுங்குகிறது. நான் பரிசலில் ஏறியவன் அல்லன். எங்கள் ஊரில் பரிசலைக் கண்டவரும் இல்லை. எந்தத் திரைப்படத்திலிருந்தோ என் கவிதைக்குள் மிதந்து வந்த பரிசல் அது.

ஆகவே ஆறு எங்கே பிறக்கிறது, எப்படி நடக்கிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று பள்ளிப் பாடம்போல முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழகத்தின் தென்பகுதியில் வடக்கே வைகையும் குண்டாறும், தெற்கே தாமிரபரணியும் இருக்க, இவற்றுக்கு இடைப்பட்ட பெரும் வடிநிலம் வைப்பாற்றினுடையது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே மன்னார் வளைகுடா. இந்தச் சரிவில் விழுந்து ஓடுகிற மழைநீருக்கு ஒரே பெயர் சூட்டவேண்டுமானால் அது வைப்பாறுதான். நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இந்தியாவின் பெரிய ஆறுகளுக்கு முன் இது ஓர் ஓடை. ஆயினும் 130 கிலோமீட்டருக்குள் மழைக்காடு, மாந்தோப்பு, நெல்வயல், கரிசல், வேலிக்காடு, உப்பளம், கடல் என்று ஏழு நிலங்களைக் காட்டிவிடுகிற ஆறு இது. அரசாங்கக் கணக்கில் இன்று தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி என மூன்று மாவட்டங்கள் இதைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. விருதுநகர் மாவட்டம் 1985இலும், தூத்துக்குடி 1986இலும், தென்காசி 2019இலும் பிறந்தவை. மாவட்டம் பிரியப் பிரிய ஆற்றுக்கும் கோப்புகள் பெருகுகின்றன. நீர் பெருகியதாகத் தெரியவில்லை.

காவிரிக்குத் தலைக்காவிரி உண்டு. வைப்பாற்றுக்கு அப்படி ஒரு தலை இல்லை. குளம் கட்டி, கோயில் எழுப்பி, 'இங்கே பிறக்கிறது' என்று விரல் நீட்டிக் காட்டத்தக்க ஓரிடம் அதற்குக் கிடையாது. மலையடிவாரம் நெடுகிலும் பல தாய்களுக்குப் பிறந்த ஆறு இது. நிட்சேப நதி, காளிங்கலாறு, தேவியாறு, நகரியாறு, செவல்பெரியாறு, காயல்குடியாறு, வள்ளம்பட்டி ஓடை, சிந்தப்பள்ளி உப்போடை, அர்ச்சுனா நதி, கௌசிகா நதி, உப்பத்தூராறு, செங்கோட்டையாறு என்று பொதுப்பணித் துறையார் இதன் கிளைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். இந்தப் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சந்தம் தேடி அலைகிற நமக்கு அது அலுவலகக் கோப்பில் கிடக்கிறது.

இவற்றுள் நம் ஊர்ப்புறத்துக்கு உரியவை நகரியாறும் தேவியாறும். தேவதானத்துக்கு மேற்கே சாஸ்தா கோயில் அருவிக்குப் போய் நீராடாதவர் இந்த அவையில் எவரும் இருக்கமாட்டார். அங்கே நாம் தலையில் வாங்கிக்கொண்ட நீர், சாஸ்தா கோயில் அணையில் சற்றுத் தங்கி, சேத்தூர், முகவூர் வட்டாரத்துக் கண்மாய்களுக்கு இறங்குகிறது. அருவியில் குளித்தோம் என்கிறோமே தவிர, வைப்பாற்றில் குளித்தோம் என்று சொல்வதில்லை. இராசபாளையத்தார் அய்யனார் கோயில் ஆற்றைச் சொல்வார்கள், முடங்கியாற்றைச் சொல்வார்கள், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் குடிநீர் வருவதைச் சொல்வார்கள். குடித்துக்கொண்டிருப்பது வைப்பாற்றின் ஒரு விரலை என்னும் நினைவு அவர்களுக்கும் குறைவு.

மேற்கே இந்த மலை முகட்டில் ஒரு வேடிக்கை உண்டு. சிவகிரி மலைப்பகுதியில்தான் பெரியாறு பிறக்கிறது. கேரளத்தின் மிக நீண்ட ஆறு அது. முகட்டில் விழும் இரண்டு மழைத்துளிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று ஒரு சாண் கிழக்கே விழுகிறது. மற்றது ஒரு சாண் மேற்கே. கிழக்கே விழுந்த துளி நம் பக்கம் இறங்கிக் கரிசலைக் கடந்து கடல் நோக்கிப் போகிறது. மேற்கே விழுந்த துளி பெரியாற்றில் வடக்கே நடந்து தேக்கடிக்குப் போகிறது. 1895இல் பென்னிகுயிக் எழுப்பிய அணை அங்கே அதனைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மீண்டும் கிழக்கே திருப்பி, கம்பம் பள்ளத்தாக்கில் இறக்கி, வைகைக்குக் கொடுத்துவிடுகிறது. நம் தலைக்கு மேலே பெய்த மழை மதுரையைச் சுற்றிவரப் போகிறது! மதுரைக்காரர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. மலை எங்கே மெலிந்து சுரங்கத்துக்கு இடங்கொடுக்கிறதோ அங்கேதான் பொறியாளர் கை வைக்க முடியும். நம் பக்கத்து மலை மெலியவில்லை, அவ்வளவே.

மலை நமக்கு முழுப் பகையும் அன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பங்கை மேற்குச் சரிவு பறித்துக்கொள்கிறது. மிஞ்சிய சாரல்தான் ஆனி, ஆடியில் நமக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எதிர்ப்புறமிருந்து வந்து இதே மலையில் மோதுகிறபோது அதே சுவர் நமக்காக நிற்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைப்பாறு ஆண்டு முழுவதும் ஓடவில்லை என்று குறைப்படுகிறோம். அது சில நாட்கள் மட்டும் ஓடும்படியே படைக்கப்பட்ட காட்டாறு. ஓடுகிற நாளில் அதன் முன்னே நிற்கவும் முடியாது. 2015 மே மாதத்தில், கோடை உச்சத்தில், சதுரகிரி மலையோடையில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் வழிபாட்டுக்கு வந்தவர்களை அடித்துச் சென்றதை மறந்திருக்கமாட்டீர்கள்.

திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருப்பாவையின் நான்காம் பாசுரம் முழுவதும் மழைக்கான வேண்டுதல். கடல்நீர் மேலெழுந்து கருத்து மழையாகும் முறையை ஓர் இளம்பெண் அவ்வளவு துல்லியமாகக் கண்டு பாடியிருக்கிறாள். உரையாசிரியர்கள் அதற்கு எத்தனையோ உட்பொருள் விரித்துள்ளனர். மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வைப்பாற்று வடிநிலத்துப் பெண் ஒருத்தி நோன்பு நோற்கையில் ஆற்றைப் பார்த்து நிற்கமாட்டாள், வானத்தைப் பார்த்துத்தான் நிற்பாள் என்பது இந்த மண்ணில் வாழ்கிறவனுக்கு உரை இல்லாமலே விளங்குகிறது.

இனி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆறு எங்கே ஓடுகிறது? கண்மாய்களுக்குள் ஓடுகிறது. இதுதான் என் விடை.

சில நாள் வெள்ளத்தை ஓர் ஆண்டு உணவாக்குவது எப்படி என்னும் கணக்கை நம் முன்னோர் போட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஓர் அணைக்கட்டில் மறித்து, வரத்துக்கால் வழியே முதற் கண்மாய்க்கு விடுவது. அது நிறைந்ததும் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவது. அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு. இப்படி ஊருக்கு ஊர் கைமாற்றி, எல்லா வயிறும் நிறைந்த பிறகு எஞ்சியதுதான் ஆற்றுக்குத் திரும்பும். வரைபடத்தில் நீலக்கோடாக இருப்பது ஆற்றின் எச்சில். ஆறு என்பது கோடு அன்று. அது ஒரு வலை. மேற்கே உயரத்தில் நின்று பார்க்க வாய்த்தால் கார்த்திகை மாதத்து வெயிலில் அந்த வலையின் கண்கள் ஒவ்வொன்றாய் மின்னுவதைக் காணலாம்.

இந்த ஏற்பாட்டின் உயிர் கலிங்கில் இருக்கிறது. கலிங்குக் கல்லின் உயரம் மேலூருக்கும் கீழூருக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை. ஒரு சாண் உயர்த்தினால் மேலூரில் இன்னொரு பூ விளையும்; கீழூரில் வயல் தரிசாகும். இரவோடு இரவாக மணல்மூட்டை அடுக்குவதும், விடிந்ததும் அதை உடைப்பதும், வெட்டுக்குத்தும், வழக்கும் இந்த வட்டாரத்துக்குப் புதியன அல்ல. மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சியின் சொல்லுக்கு நிலக்கிழாரும் கட்டுப்பட்டு நின்ற காலம் உண்டு. அவர் கையில் இருந்தது மண்வெட்டிதான். என் சிறுவயதில் பார்த்த ஒரு முதியவர், எந்த மடையில் எத்தனை நாழிகை நீர் பாய்ந்தால் எந்த வயல் நனையும் என்பதைக் கடிகாரமே இல்லாமல் சொல்வார். வரப்பின் மேல் தம் நிழலைப் பார்ப்பார், சொல்வார். அவர் காலத்துக்குப் பின் அந்தக் கணக்கைக் கேட்டு எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள் பரிசலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

சோ. தருமன் 'சூல்' நாவலில் உருளைகுடிக் கண்மாயை நடுநாயகமாக வைத்து இந்த வாழ்வை எழுதினார். 2019இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உரைநடை செய்துவிட்ட வேலையைக் கவிதை இன்னும் தொடங்கவில்லை என்பது என் வருத்தம். மராமத்தை ஊராரே கூடிச் செய்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அப்பெயரிலேயே 2017இல் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. சில கண்மாய்கள் ஆழமாயின. ஆயினும் கண்மாயைத் தூர்வாரிவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால், பானையை விளக்கி வைத்துவிட்டு அரிசி வாங்க மறந்த கதைதான்.

ஆற்றின் பெயரைப் பற்றி ஒரு சொல். நிட்சேபம் என்னும் வடசொல்லுக்கு அடைக்கலமாக வைத்த பொருள், புதையல் என்று பொருள். வைப்பு என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் அதுவே பொருள். கிளையாறு நிட்சேப நதி, பேராறு வைப்பாறு. ஒரே பெயரைத்தான் இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்போலும். பெயர்க்காரணம் இதுதான் என்று நான் சாதிக்கமாட்டேன். சொல்லாராய்ச்சியில் சறுக்கி விழுந்தவர் பலர். ஆனால் பெயர் பொருந்துகிறது. இந்த ஆறு நீரைக் காட்டாது, மணலுக்குள் வைத்துக்கொள்ளும். சாத்தூருக்குப் போய்ப் பாருங்கள். கோடையில் பாலத்தின் கீழே வெறும் மணல். அந்த ஆற்றங்கரையின் ஈரத்தில் விளைந்த வெள்ளரிப்பிஞ்சுதான் இரயில் பயணிகள் வழியாக ஊர் ஊராகப் பெயர் பெற்றது. மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மெல்ல முகந்து குடம் நிரப்பிய பெண்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊற்றுநீர் ஊறும் வேகத்துக்குத்தான் அவர்கள் பேசுவார்கள். பேச்சில் அவசரம் இராது.

வடக்கே வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் உள்ளன. அந்த நீர்தான் அர்ச்சுனா நதியாகிச் சிவகாசிக்கு அருகே ஆனைக்குட்டம், பிறகு கோல்வார்பட்டி என அணைகளில் தங்கித் தங்கி வருகிறது. விருதுநகரின் சாக்கடையைச் சுமந்து வரும் கௌசிகா நதிக்குக் குல்லூர்சந்தையில் ஓர் அணை. நம் பக்கத்து ஆறுகளோ வெம்பக்கோட்டை அணையில் கூடிச் சாத்தூரைக் கடக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் இருக்கன்குடி. இரு கங்கை குடி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வர். அங்கே மாரியம்மன் இரண்டு ஆறுகளுக்கு இடையே அமர்ந்திருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்குச் செல்லும் இலட்சக்கணக்கான மக்களில் நம் தெருக்காரர் இல்லாத ஆண்டு கிடையாது. மழையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தெய்வத்தை, காய்ந்த ஆற்றுமணலில் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு வணங்குகிறோம்.

வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், பொன் அணிகள், சங்கு வளையல்கள் எனக் கட்டம் கட்டமாக வெளிவந்தன. என்னை நெடுநேரம் நிற்க வைத்தவை சங்கு வளையல்கள். சங்கு கடலில் பிறப்பது. இந்த ஆறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவோ சங்குக்கும் முத்துக்கும் பேர்போனது. அப்படியானால் நீர் கீழே போன வழியில் சங்கு மேலே வந்திருக்கவேண்டும்; இது என் ஊகம். 'வறண்ட பூமி, வரலாறு இல்லாத பூமி' என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டிருந்தோம். வரலாறும் மண்ணுக்குள் வைப்பாகத்தான் இருந்திருக்கிறது.

இருக்கன்குடிக்குக் கீழே ஆறு அகலமாகிறது, ஊர்கள் அருகுகின்றன. விளாத்திகுளத்தைத் தாண்டினால் கருவேலங்காடும் கரிமூட்டமும் உப்பளமும். கடலோரத்தில் ஆற்றின் பெயரையே பெற்ற வைப்பாறு என்னும் ஊர் இருக்கிறது. பரதவரின் பழைய ஏழு கடல்துறை ஊர்களுள் அது ஒன்று. பக்கத்தில் சிப்பிகுளம். அதற்கு வடக்கே வேம்பார்ப் பக்கத்துக் கடலில் உள்ள தீவுகளில் ஒன்றுக்கு உப்புத்தண்ணித் தீவு என்று பெயர். மற்றொன்றுக்கு நல்லதண்ணித் தீவு. தீவுக்குக்கூடத் தண்ணீரை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். முகத்துவாரம் வரை ஒருமுறை போய் நின்றேன். ஆறும் கடலும் சந்திக்கவில்லை. நடுவே ஒரு மணல்திட்டு படுத்திருந்தது. செட்டியார்பட்டியிலிருந்து வருகிறேன் என்றதும், அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "மேலே மழையா?" என்று கேட்டார். நம் ஊர் மழை அவருக்குச் செய்தி. அவருடைய கடலில் மீன் படுவதும் படாததும் அதில் இருக்கிறது. நாம் அவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

மேற்கேயிருந்து நீர் கொண்டுவரும் பேச்சு இந்த மேடையில் எழாமல் இராது, நானே எழுப்பிவிடுகிறேன். சிவகிரிப் பகுதியில் மலைமேல் செண்பகவல்லி அணைக்கட்டு என்று ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னரும் சிவகிரி சமீன்தாரும் உடன்பட்டுக் கட்டியது என்பர். மேற்கே போகும் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பியது. 1960களில் உடைந்தது. செப்பனிட நம் அரசு தன் பங்குப் பணத்தைச் செலுத்தியும் வேலை நடக்கவில்லை. பணம் திரும்பி வந்தது. இரண்டு மன்னர்கள் பேசித் தீர்த்ததை இரண்டு மாநிலங்கள் பேசித் தீர்க்கவில்லை. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டத்துக்குத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இல் சாத்தியக்கூறு அறிக்கை தந்தது. 63 கோடி கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரைத் திருப்புவது அதன் நோக்கம். கேரளம் மறுக்கிறது. நீர் குறைந்தால் குட்டநாட்டு வயல்களில் உப்பு ஏறும் என்று அவர்கள் சொல்வதைப் பொய்யென்று தள்ள எனக்கு மனமில்லை. கீழூரின் குரல் அது. செண்பகவல்லியைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, ஓயாமல் கேட்கவேண்டும். திருவில்லிபுத்தூர் உழவர் நெடுங்காலமாகக் கேட்கும் அழகர் அணையையும் கேட்கவேண்டும். ஆனால் முகட்டுக்கு அப்பாலுள்ள நீரைப் பற்றி நாம் கொள்ளும் கோபத்தில் கால்பங்கு, நம் கண்முன்னே மணல் போகும்போது வரவில்லையே என்பதுதான் எனக்கு உறுத்தல்.

மணல் போனால் வைப்பு போயிற்று. ஒரு வண்டி மணலோடு அதற்குள் தங்கியிருக்கவேண்டிய கார்த்திகை மழையும் ஏறிப் போய்விடுகிறது. மணல் போன பள்ளத்தில் சீமைக்கருவேல் முளைக்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டபோது எங்கும் ஆரவாரமாய் வெட்டினார்கள். வேர் இருந்தது, மறுபடி தழைத்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வைப்பாற்றிலும் வெள்ளம் வந்தது. ஆற்றைப் பார்க்கப் பாலங்களில் கூட்டம் கூடியது. கைப்பேசியில் படம் பிடித்தார்கள். இளைஞர் ஒருவர் என்னிடம், "ஐயா, இது எங்கிருந்து வருகிற தண்ணீர்?" என்று கேட்டார். அவர் வீட்டு மாடியில் ஏறினால் அந்த மலை தெரியும்.

இந்த மேடையில் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை மண்டபத்தில் நடத்தவேண்டாம். சாஸ்தா கோயிலுக்குக் கீழே நகரியாறு சமவெளியில் காலூன்றும் இடத்தில் காலையில் கூடுவோம். அங்கிருந்து வரத்துக்கால் வழியே, எத்தனை கண்மாய் முடிகிறதோ அத்தனை கண்மாய் வரை நடப்போம். ஒவ்வொரு மடைக்கும் பெயர் இருக்கிறது, கலிங்குக்கும் இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு இருவர் மூவர் மிஞ்சியிருக்கிறார்கள். அனைவரும் எழுபதைக் கடந்தவர்கள். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டுவாருங்கள். அன்று கவிதை வாசிக்கவேண்டாம். பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு வருவோம். பரிசலை நான் என் கவிதையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.